லூபே நீலமா இருக்காளா?

தெலேசியாவின் வீட்டுக்குப் பின்வாசல் வைத்ததே நாத்தனாருக்காகத்தான். நாத்தனார் அதில் வருவதற்காக அல்ல. அவள் முன்வாசலில் நுழையும்போது, அவள் தம்பியும் தெலேசியாவின் கணவனுமான லிசியாதே அந்த வழியாக வெளியேறுவதற்காக. டோங்கா என்ற அந்தப் பசிபிக் தீவு நாட்டில் அக்காள் இருக்கும் அறையில் தம்பி உட்கார்ந்து கதையடிப்பதில்லை. அவள் எதிரில் கேலி பேசுவதில்லை. எதிர்த்துப் பேசுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பயமில்லை, மரியாதை என்பான் லிசியாதே. மரியாதைக்கு இவ்வளவு வேகமாக ஓட வேண்டியதில்லை என்பது தெலேசியாவின் கட்சி.

கலொலைனே என்ற அந்த நாத்தனார், ஊர்த் தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குத் தலைவி. நல்ல அகலமான பெண்மணி. அங்கே மரியாதைக்கு உடுத்தும் மெல்லிய பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவள் வீதியில் வந்தால் பன்றிகள்கூட ஒதுங்கி வழிவிடும். தம்பி பெற்ற பிள்ளைக்கு அத்தைதான் எல்லாம். அந்த உரிமையுள்ள அத்தையை ஃபாஹு என்பார்கள். அவள் கேட்டது கிடைக்கும், கேட்காமல் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. குழந்தைக்கு லூபே என்று பெயர் வைத்தது அவள். குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குத் தெலேசியா விரல் தேயப் பின்னிய பாயை, கேக்கின் மேலடுக்கோடு சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதும் அவள்தான். பன்றித் தொழுவத்தில் எட்டிப் பார்த்து, "இந்தக் குட்டி நல்லா வளர்ந்திருக்கே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது அவள் வீட்டு மண்ணடுப்பில் வெந்துகொண்டிருக்கும். இதெல்லாம் முறைதான். தெலேசியாவும் தன் தம்பி வீட்டில் இதையேதான் செய்கிறாள். ஆனால் நாம் எடுக்கும்போது முறையாகத் தெரிவது, நம்மிடம் எடுக்கும்போது கொள்ளையாகத் தெரிகிறது, என்ன செய்ய?

லூபேக்கு இப்போது ஆறு வயது. குச்சிக்குக் கவுன் மாட்டிய உடம்பு, வாய் மட்டும் ஓயாது. கைக்குழந்தையாக இருந்தபோதே பால் குடிக்கத் தொடங்கினால் பாதியில் நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, விட்டுவிடுவாள். சளி பிடித்தால் லேசில் விடாது. மற்றப் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும்போது இவள் நாலு எட்டு ஓடிவிட்டுப் புல்லில் உட்கார்ந்து, "நான்தான் நடுவர்" என்று தனக்குத்தானே பதவி கொடுத்துக்கொள்வாள். அந்த ஊரில் பிள்ளை மெலிந்திருந்தால் யாரும் பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள், பெற்றவளைத்தான் பார்ப்பார்கள்.

"ஏன் தெலேசியா, என் தம்பி கொண்டு வர்றதெல்லாம் யாரு வயித்துக்குப் போகுது?" என்று கலொலைனே விருந்துப் பந்தியில் வாய்விட்டே கேட்பாள். தெலேசியா கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்புக்காரி. பந்தியே சிரிக்கும். தெலேசியாவும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது அழுவாள்.

அந்த வருஷம் ஆஸ்திரேலியாவிலிருந்து இதய டாக்டர்கள் குழு ஒன்று தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தது. அவர்கள் வருவதற்கு முன்பே உள்ளூர் டாக்டர் அமனாகி பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்தார். லூபேயின் மார்பில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பை அவர் எடுக்கவே இல்லை. பிறகு தெலேசியாவை அழைத்து, அவள் உள்ளங்கையைப் பிடித்து மகளின் நெஞ்சில் அழுத்திக் காட்டினார். உள்ளே பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு. தெலேசியாவுக்கு அது புதிதே இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் நெஞ்சு இப்படித்தான் இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று தெரிந்தபோது கையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார்கள். சட்டப்படி அப்பா அம்மா சம்மதித்தால் போதும். ஆனால் அமனாகி அதே ஊர்க்காரர். ஞாயிறு பள்ளியில் கலொலைனேயிடம் காது திருகப்பட்டு வளர்ந்தவர். யார் சம்மதித்தால் காரியம் நடக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நேராக வீட்டுக்கு வந்து பாயில் சம்மணமிட்டார். கலொலைனேயும் வந்து அமர்ந்தாள். லிசியாதே பின்வாசல் வழியாகப் போய் ஜன்னலுக்குக் கீழே, பன்றிகளுக்கு நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டான்.

கலொலைனே லூபேயின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "லூபே நீலமா இருக்காளா?"

"இல்லை டீச்சர்," என்றார் டாக்டர்.

"உதடு?"

"சிவப்புதான்."

"நகம்?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு டீச்சர்."

"அப்புறம் எதுக்கு என் தம்பி பிள்ளை மேல கை வைக்கணும்கிற? கடற்கரையோரம் விகாவோட பொண்ணு இருந்தாளே, நாவல்பழம் தின்ன வாய் மாதிரி எப்பவும் நீலம். நியூசிலாந்துக்குக் கொண்டுபோய் வெட்டித் தைச்சாங்க. அது இதய நோய். இது பசி." கடைசிச் சொல் வந்தபோது அவள் பார்வை தெலேசியா மேல் இருந்தது.

அமனாகி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ரெண்டு தினுசு இருக்கு டீச்சர். ஒண்ணுல கெட்ட ரத்தம் நுரையீரலுக்குப் போகாம உடம்புக்குப் போயிடும். பிள்ளை நீலமாயிடும், யாரு பார்த்தாலும் தெரியும். இன்னொண்ணுல நல்ல ரத்தம் வழி மாறி மறுபடி நுரையீரலுக்கே திரும்பும். பிள்ளை சிவப்பாத்தான் இருக்கும், யாருக்கும் தெரியாது. வயித்துல இருக்கறப்ப எல்லாப் பிள்ளைக்கும் இதயத்துக்கு மேல ஒரு சின்னக் குழாய் திறந்திருக்கும். பொறந்ததும் அது தானா அடைச்சுக்கும். இவளுக்கு அடைக்கலை."

"பிடிவாதக்காரி," என்றாள் அத்தை பெருமையாக.

"இப்படியே விட்டா நுரையீரல்ல இருக்கிற குழாய் எல்லாம் இறுகிடும். அப்புறம் ரத்தம் திசை மாறும். அப்ப நீலமாவா. அப்படி நீலமானதுக்கு அப்புறம் எந்த டாக்டராலயும் அதை மூட முடியாது. ஸ்கேன்ல பார்த்தா அழுத்தம் ஏற ஆரம்பிச்சிருக்கு. அடுத்த தடவை இவங்க வர்ற வரைக்கும் தாங்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியலை."

"நெஞ்சை வெட்டுவானுங்களா?"

"வெட்டலை. தொடையில சின்னதா துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாவே மேல போய் ஒரு மூடியை வெச்சுட்டு வந்துடுவாங்க."

"கூரை ஒழுகுதுன்னா கிணத்துல இறங்குறவனை இப்பத்தான் பார்க்கிறேன்," என்றாள் கலொலைனே. இடுப்புப் பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள். "நான் யோசிக்கணும்."

கலொலைனே யோசிக்கிறேன் என்றால் ஊரே நம்பிக்கையை விட்டுவிடும். பாடகர் குழுவுக்குப் புதுச் சீருடை வேண்டும் என்று அவளிடம் கேட்டுப் பல வருஷமாகிறது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் தலை மறைந்ததும் லிசியாதே உள்ளே வந்தான். "நீ போய்ப் பேசு," என்றான்.

"நான் எப்படிப் பேச? அவங்க உங்க அக்கா."

"அக்காங்கிறதாலதான் என்னால பேச முடியாது."

"அப்ப பிள்ளை?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. பாவம், அவனைத் திட்டியும் பயனில்லை. பூனைக்கு மணி கட்டுகிற வேலை தெலேசியாவின் தலையில் விழுந்தது.

தெலேசியா பேச்சில் கெட்டிக்காரி இல்லை. பரிமாறுவதில் கெட்டிக்காரி, அந்தக் குடும்பத்து விருந்துகள் எல்லாவற்றிலும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, நாத்தனார் வீட்டில் அவளுக்குக் கிழங்கை எடுத்து வைக்கும்போது, மனதில் ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் மறந்துபோய், தெரிந்ததைச் சொன்னாள்.

"அண்ணி, ஒரு பெரிய விருந்து. ஊரே உட்கார்ந்திருக்கு. பரிமாறுறவன் கூடையைத் தூக்கிட்டுக் கிளம்புறான். ஆனா சமையல்கட்டு வாசல்லயே போதகர் உட்கார்ந்திருக்கார். அவரு ஏற்கனவே சாப்பிட்டு முடிச்சவரு. இவன் போற போக்குல பாதியை அவரு தட்டுலயே கொட்டிட்டுப் போறான். ஒவ்வொரு தடவையும் இப்படியே. போதகருக்கு மூச்சு முட்டுது. கடைசி வரிசைக்கு ஒண்ணும் வந்து சேரலை. பரிமாறுறவன் ரெட்டை நடை நடந்தே செத்துப்போறான்."

கலொலைனே மெல்வதை நிறுத்தினாள். "எந்த விருந்துல இந்தக் கூத்து? எவன் பரிமாறினது?"

"லூபேயோட நெஞ்சுல அண்ணி. போதகர்தான் நுரையீரல். கடைசி வரிசைதான் அவ கையும் காலும். நான் ஊட்டாம இல்லை அண்ணி. ஊட்டுறேன். போய்ச் சேர மாட்டேங்குது."

கலொலைனே கையிலிருந்த கிழங்கைத் தட்டில் திரும்ப வைத்தாள். விருந்து வைத்துக் கடைசி வரிசைக்குச் சாப்பாடு போகவில்லை என்றால் அந்த ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

"இதை அந்த அமனாகிப் பயல் முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமில்ல? குழாய், அழுத்தம்னு என்னத்தையோ உளறிட்டுப் போறான்," என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூடச் சொல்லு."

தெலேசியா அன்று வீட்டுக்கு நடந்து வரவில்லை, ஏறக்குறைய ஓடி வந்தாள். விதி யாரை விட்டது? அடுத்த சிக்கல் மரியாதையின் உருவத்தில் வந்தது.

குழு ஊர் திரும்பும் நாளன்று காலையில்தான் லூபேயின் முறை. மயக்க மருந்து கொடுப்பார்கள், அதனால் முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடத் தரக் கூடாது என்று அமனாகி தெலேசியாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். நியாயமாக இதை அத்தையிடமும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் விஷயம். "டீச்சர், பிள்ளை வயிறு லேசா இருந்தா டாக்டர்களுக்கு வசதியா இருக்கும்," என்றார் அமனாகி, தரையைப் பார்த்தபடி. "அண்ணி, நீங்க காலையில எதையும் சமைச்சுச் சிரமப்படாதீங்க," என்றாள் தெலேசியா, அவளும் தரையைப் பார்த்தபடி. பிள்ளைக்கு ஊட்டாதீர்கள் என்று ஃபாஹுவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அந்தத் தீவில் யாருக்கும் நாக்கு எழாது. கலொலைனே இருவரையும் பார்த்து அன்பாகச் சிரித்தாள்.

முந்தின நாளே லூபேயை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எதிர்க் கட்டிலில் ஃபெலேதி என்ற வாலிபன் இருந்தான். வவாவு தீவிலிருந்து கப்பலில் வந்த போலீஸ்காரன், ரக்பி ஆட்டக்காரன். கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவனுக்கு இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவில் ஓட்டை. பிறவியிலேயே இருந்தது, அவனும் நீலமாகாத ரகம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஆட்டத்தில் மூச்சு வாங்குகிறது என்று சோதித்தபோது அகப்பட்டது. இதை மூடிவிட்டால் அடுத்த பருவத்தில் அணியில் சேர்ந்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் முறை அதே கடைசி நாளில், மதியம். லூபே வார்டுக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே அவனோடு ஒட்டிக்கொண்டாள். அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உன்னுது பரவாயில்ல. என்னுதுதான் சத்தம் ஜாஸ்தி," என்று தீர்ப்புச் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் தெலேசியா குளிக்கப் போனாள். திரும்பி வரும்போது கலொலைனே லூபேயின் பக்கத்தில் அமர்ந்து மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தாள். தெலேசியாவுக்கு மனம் நெகிழ்ந்தது. என்ன இருந்தாலும் நல்ல மனசு என்று நினைத்தாள். சற்று நேரத்தில் அமனாகி வந்தார்.

"லூபேக்குட்டி, ராத்திரியிலேர்ந்து எதுவும் சாப்பிடலையே?"

"சாப்பிடலையே," என்றாள் லூபே. "அத்தை குடுத்ததுதான். தேங்காய்ப்பால் ஊத்தின கீரைப் பொட்டலம். அப்புறம் கிழங்கு. அப்புறம் பன்றிக்கறி கொஞ்சம். தோலு மொறுமொறுன்னு இருந்துச்சு டாக்டர்."

அமனாகியின் முகத்தில் ரத்தம் வற்றியது. அந்த அறையில் அப்போது நீலமாக இருந்தது அவர் ஒருவர்தான்.

"பின்னே?" என்றாள் கலொலைனே. "பக்கத்துத் தீவுக்குப் போறவனுக்கே கட்டுச்சோறு கட்டிக் குடுக்கிறோம். இவ எவ்வளவு பெரிய இடத்துக்குப் போறா, பட்டினியாவா அனுப்புறது? பெத்தவ ராத்திரியிலேர்ந்து எதுவுமே குடுக்கலையாம். பிள்ளை எப்படித் தின்னுச்சு தெரியுமா? இவ்வளவு நல்லா அது தின்னு நான் பார்த்ததே இல்லை."

அமனாகி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வயிற்றில் உணவு இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து என்று மெதுவாகச் சொன்னார். இப்போது செய்ய முடியாது. மதியத்துக்குள் வயிறு காலியாகிவிடும், ஆனால் மதியம் ஃபெலேதியின் நேரம். அவனை இப்போதே முன்னால் போடலாம் என்றால், மதியம்தானே என்று அவனும் அனுமதியோடு விடியற்காலையில் ரொட்டி தின்றிருக்கிறான். சாயங்காலம் குழு சாமான்களைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடும்.

தெலேசியாவுக்கு எது உடைந்தது என்று தெரியவில்லை. தன் குரலைத் தானே தூரத்திலிருந்து கேட்பது போலக் கேட்டாள்.

"நீங்கதான் அண்ணி! நீங்கதான்! ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா? பேரு வெச்சீங்க, கேக்கலை. பாயை எடுத்தீங்க, கேக்கலை. பன்றியை ஓட்டிட்டுப் போனீங்க, கேக்கலை. எடுத்துக்கோங்க, எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. இந்த ஒரு வேளை, இந்த ஒரே ஒரு வேளை என் பிள்ளையை என்கிட்ட விட்டிருக்கக் கூடாதா? ஊட்டாதீங்கன்னு நேரா சொல்லியிருக்கணும். சொல்ல பயந்துட்டேன். நான் ஒரு கோழை, நீங்க..." அதற்கு மேல் வரவில்லை. உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஜன்னலுக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்த லிசியாதேயின் தலை சட்டென்று கீழே இறங்கியது.

கலொலைனேயின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. "எனக்கு யாரும் சொல்லலையே," என்றாள். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து யாரும் கேட்டதில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவள் சொன்னதும் உண்மைதான். யாரும் சொல்லவில்லை.

"அந்தப் பையனுக்கு அடுத்த வருஷம் செஞ்சாலும் ஒண்ணும் ஆகாது," என்றார் அமனாகி தெலேசியாவிடம், எதிர்க் கட்டிலுக்குக் கேட்காதபடி. "ஆனா வாக்குக் குடுத்துக் கப்பல்ல வரவழைச்சவனை நான் தள்ள முடியாது. விட்டுக்குடுன்னு கேக்கவும் கூடாது. அவனாக் குடுத்தா உண்டு."

கலொலைனேயின் காது பாடகர் குழுவில் ஒருவர் சுதி பிசகினாலும் பிடிக்கிற காது. முகத்தைத் துடைத்தாள். இடுப்புப் பாயைச் சரிசெய்தாள். எதிர்க் கட்டிலுக்கு நடந்தாள்.

"தம்பி, நீ எந்த ஊரு?"

"வவாவு," என்றான் ஃபெலேதி, எழுந்து உட்கார்ந்து.

"அது தீவு. ஊரு எது? யாரு மகன் நீ?"

அவன் சொன்னான். அம்மா வழியில் ஆரம்பித்தாள். பாட்டி பெயர், பாட்டியின் ஊர், பாட்டியின் சகோதரிகள் யாரைக் கட்டினார்கள் எல்லாம் கேட்டாள். அந்தக் கிளையில் ஒன்றும் அகப்படவில்லை. அப்பா வழிக்குத் தாவினாள். தாத்தா பெயரில் நெற்றி சுருங்கியது. தாத்தாவின் அப்பா பெயரில் முகம் மலர்ந்தது.

"பெனிசிமானியா? கப்பல்ல வேலை பார்த்தவரு, ஒரு காது கேக்காது?"

"அவரேதான்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவரும் எங்க தாத்தாவும் ஒரு வயித்துப் பிள்ளைங்க. அப்ப உன் தாத்தாவும் எங்கப்பாவும் அண்ணன் தம்பி. அப்ப உங்கப்பன் எனக்குத் தம்பி. தம்பி மகனுக்கு நான் யாரு?"

ஃபெலேதி கட்டிலை விட்டு இறங்கினான். அவ்வளவு உயரமும் தரையில் மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்தியது. "அத்தை."

"அத்தை கேட்டா?"

"இல்லைன்னு சொல்றதில்லை."

"எனக்கு உன் பன்றி வேண்டாம், பாய் வேண்டாம். இன்னைக்கு மத்தியானத்தைக் குடு."

தெலேசியா முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். இத்தனை வருஷமாகத் தன் வீட்டில் நடந்தபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சபித்தாளே, அதே எடுத்தல்தான். இப்போது முன்பின் தெரியாத ஒருவனிடமிருந்து எடுக்கிறார்கள், அவள் மகளுக்காக. தம்பி, உனக்கு விருப்பமில்லை என்றால் சொல்லிவிடு என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. அவன் மறுத்துவிடக் கூடாதே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் அடித்துக்கொண்டது.

ஃபெலேதி நிமிர்ந்து லூபேயைப் பார்த்தான்.

"ஒரு பருவம் பந்து இல்லை, அவ்வளவுதானே அத்தை," என்றான். குரல் லேசாகக் கரகரத்தது.

"நீயும் நடுவராயிடு," என்றாள் லூபே. "ஓடவே வேண்டாம். கத்தினா போதும்."

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு ஆரம்பித்ததும் நிற்கவில்லை, கட்டில் கிறீச்சிட்டது. அமனாகி அவனைத் தனியே அழைத்துப் போய், மனசாரத்தான் சொல்கிறாயா, முறைக்குப் பயந்தா என்று கேட்டார்.

"முறைதான் டாக்டர். ஆனா மனசாரத்தான்," என்றான் ஃபெலேதி. "நேத்துலேர்ந்து இந்த வார்டுல எல்லாருக்கும் ஆள் வருது, சாப்பாடு வருது. இந்தத் தீவுல எனக்குன்னு யாருமில்லைன்னு படுத்திருந்தேன். இப்ப ஒரு அத்தை கிடைச்சிருக்காங்க."

"கிடைச்சிட்டேன்ல, இனி தப்ப முடியாது," என்றாள் பின்னாலேயே வந்து நின்ற கலொலைனே. "அடுத்த வருஷம் இவங்க வர்றப்ப உன்னைக் காதைப் பிடிச்சு நானே கூட்டிட்டு வருவேன். முதல் ஆளா உன்னைப் போடலைன்னா இந்த அமனாகிக்கு ரெண்டு காதும் இருக்காது. அதுவரைக்கும் இந்தப் பக்கம் வந்தா என் வீட்டுலதான் சாப்பாடு." டாக்டரின் கை தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

மதியம் வரை கலொலைனே லூபேயின் கட்டிலடியில் கை கட்டிக்கொண்டு காவலிருந்தாள். தண்ணீர் ஜாடியோடு வந்த நர்ஸை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். பக்கத்துக் கட்டிலுக்கு யாரோ கொண்டுவந்த பழத்தை ஜன்னலோரம் மாற்றி வைக்கச் சொன்னாள். லூபே உதட்டை நக்கினால்கூட, "என்ன அது வாயில?" என்று குனிந்து பார்த்தாள். தெலேசியாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தெலேசியாவும் பேசவில்லை. இருவருக்கும் நடுவில் லூபே மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

மதியம் லூபேயை உள்ளே கொண்டுபோனதும் சிகிச்சை அறையின் கதவு மூடிக்கொண்டது. உள்ளே போன நேரம் எவ்வளவு என்று தெலேசியாவுக்குச் சொல்லத் தெரியாது. அவளுக்கு அது ஒரு யுகம். பெஞ்சில் ஒரு முனையில் அவள், மறு முனையில் நாத்தனார், நடுவில் ஃபெலேதி. அவன் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் பாட்டுக்குத் தாழ்ந்த குரலில் ஒரு துதிப்பாட்டு எடுத்தான். கொஞ்ச நேரத்தில் கலொலைனே சேர்ந்துகொண்டாள். அப்புறம் தெலேசியாவும்.

பாட்டு முடிவதற்குள் அமனாகி வெளியே வந்தார். பேசுவதற்கு முன்பே அவர் முகம் சொல்லிவிட்டது.

"மூடியாச்சு. நல்லா உட்கார்ந்துடுச்சு. கசிவே இல்லை."

தெலேசியா அவரைக் கட்டிக்கொண்டாள். ஃபெலேதி அவர்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே லிசியாதே செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான். அதைக் கேட்ட கலொலைனே, யாரும் சொல்லாமலே எழுந்து, தம்பி உள்ளே வந்து மகளைப் பார்க்கட்டும் என்று, நடைபாதையின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

பொழுது சாயும் நேரம் லூபேக்கு நன்றாக விழிப்பு வந்தது. லிசியாதே உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் பேச வெளியே போயிருந்தான். "பசிக்குது," என்றாள் மகள் முதல் வேலையாக. தெலேசியா சிரித்தாள். பசிக்கிறது என்று அவள் தானாகச் சொல்லி இதுவரை கேட்டதில்லை.

வாசலில் நிழல் தட்டியது. கலொலைனே நின்றிருந்தாள். கையில் வாழைப்பழமும் தேங்காய்ப்பாலும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. உள்ளே வரவில்லை.

"கஞ்சி குடுக்கலாம்னு அமனாகி சொல்லிட்டான்," என்றாள்.

"சரி அண்ணி."

அப்படியும் அவள் நகரவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், பிறகு தெலேசியாவைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. குடுக்கலாமா?"

கொடுங்கள் அண்ணி, என்னை ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தெலேசியாவின் வாய் தானாகத் திறந்தது. அத்தனை வருஷப் பழக்கம். அப்போதுதான் கிண்ணத்திலிருந்து ஆவி பறப்பது கண்ணில் பட்டது. அவள் தரையைப் பார்க்கவில்லை, நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப வேண்டாம் அண்ணி. கொதிக்குது. ஆறட்டும்."

லூபே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அத்தையிடம் யாரும் வேண்டாம் என்று சொல்லி அவள் பார்த்ததில்லை.

"சரி," என்றாள் கலொலைனே. வாசலில் நின்றபடியே குனிந்து கஞ்சியை ஊதத் தொடங்கினாள்.